வாசல் யாருடையது? தமிழ்நாட்டில் சுற்றுலா கைடு ஆக விரும்புவோருக்கு

மாமல்லபுரத்தில் ஒரு குழுவைக் காலையில் அழைத்துக்கொண்டு போய் மதியத்துக்குள் சுற்றிக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. தபசுப் பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தலசயனப் பெருமாள் கோயில் இந்து சமய அறநிலையத்துறையுடையது. குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கம் மத்திய அரசின் கலங்கரை விளக்கத் துறையுடையது. காலார நடந்தால் போய்விடும் தூரத்துக்குள் மூன்று நிர்வாகம். ஒன்றில் செல்லும் அடையாள அட்டை இன்னொன்றில் செல்லும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

புதிதாக வருகிறவர்கள் தவறுவது இங்கேதான். “கைடு லைசென்ஸ் எங்கே கொடுக்கிறார்கள்?” என்று கேட்டுக்கொண்டு அலைகிறார்கள். டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எங்கும் செல்லுபடியாகும் ஒற்றை அட்டை இந்தத் தொழிலில் கிடையாது. எந்த வாசலில் வேலை செய்யப்போகிறீர்கள், அந்த வாசல் யாருடையது, அவர்கள் யாருடைய பயிற்சியை ஏற்கிறார்கள் என்ற வரிசையில் கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

சட்டத்தில் இருப்பது

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னங்களுக்கு அடிப்படை, 1958ஆம் ஆண்டின் தொன்மை நினைவுச்சின்னங்கள் சட்டமும் அதன் கீழ் வந்த 1959ஆம் ஆண்டு விதிகளும். நமக்கு வேண்டியது 8ஆம் விதி. நினைவுச்சின்னத்துக்குள் செய்யக்கூடாதவற்றை அது வரிசையாகச் சொல்கிறது: சேதம் விளைவிப்பது, சமைப்பது, பிச்சை எடுப்பது, பொருள் விற்பது. பொருள் விற்பதைச் சொல்லும் அதே பிரிவில்தான் பணம் பெற்றுக்கொண்டு பார்வையாளரைச் சுற்றிக் காட்டுவதும் இருக்கிறது. தொல்லியல் அதிகாரி கொடுத்த உரிமம் இருந்தால், அந்த உரிமத்தின் நிபந்தனைப்படி மட்டுமே அதைச் செய்யலாம். தொல்லியல் அதிகாரி என்றால் வாசலில் டிக்கெட் கிழிப்பவரோ காவலரோ இல்லை. உதவிக் கண்காணிப்புத் தொல்லியலாளர் பதவிக்குக் குறையாதவர் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. “வாட்ச்மேன் தெரிந்தவர், விட்டுவிடுவார்” என்பது அனுமதி ஆகாது.

மீறினால் 9ஆம் விதிப்படி அபராதம், அதிகபட்சம் 500 ரூபாய். தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வாசலில் ஒருமுறை பெயர் எழுதிக்கொண்டார்கள் என்றால், அடுத்து நீங்கள் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப்போவதும் அதே அலுவலகத்தில்தான். ஏஜென்சிக்காரர் காதுக்குச் செய்தி போனால் அடுத்த குழுவும் வராது.

விதியில் உள்ள முக்கியமான சொல் ‘பணம்’. தன் மாணவர்களைக் கூட்டி வந்து விளக்கும் ஆசிரியரையோ, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்குக் கோயிலைக் காட்டும் தம்பியையோ இது தொடாது. ஆனால் “இலவச நடை” என்று விளம்பரம் செய்துவிட்டு முடிவில் தொப்பியை நீட்டினால் அதுவும் பணம்தான். “டிப்ஸ்தானே” என்ற வாதத்தை நம்பித் தொழில் தொடங்காதீர்கள்.

7ஆம் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டம், விருந்து, மாநாடு போன்றவற்றுக்கு எழுத்து மூலம் தனி அனுமதி வேண்டும். நடையின் நடுவில் பத்து நிமிடம் பரதநாட்டியம், கடைசியில் கேக் வெட்டுதல் என்று நிகழ்ச்சி போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். கைடு லைசென்ஸ் வைத்திருந்தாலும் அது இதற்கு உதவாது.

எந்த வாசல் யாருடையது

முதல் வேலையாக ஒரு நோட்டை எடுத்து, வேலை செய்ய நினைக்கும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே நிர்வாகத்தின் பெயரை எழுதுங்கள். ஊர் ஒன்றாக இருப்பதால் நிர்வாகமும் ஒன்று என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயில் இந்தியத் தொல்லியல் துறையிடம், ஏகாம்பரநாதர் கோயில் அறநிலையத்துறையிடம். மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் அறநிலையத்துறை, திருமலை நாயக்கர் மகால் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. திருச்சி மலைக்கோட்டையில் ஏறுகிற படி ஒன்றுதான். ஆனால் தாயுமானவர் கோயில் ஒரு கையில், பல்லவர் குடைவரை இன்னொரு கையில்.

தஞ்சைப் பெரிய கோயில் இன்னும் சிக்கல். கட்டடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். பூசையும் கோயில் காரியங்களும் அரண்மனை தேவஸ்தானத்தின் வழியில். கல்வெட்டின் முன் நின்று பேசுவதற்கு ஒருவரின் விதி, சன்னதி முன் நிற்பதற்கு இன்னொருவரின் விதி. கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதை நடத்துவது கேரளத் தொல்லியல் துறை. அங்கே வேலை செய்ய விரும்புகிறவர் சென்னையில் மனுக் கொடுத்துப் பயனில்லை.

இந்தியத் தொல்லியல் துறைக்குள்ளும் வட்டம் பார்க்க வேண்டும். தாலுகா அல்ல, அந்தத் துறையின் நிர்வாகப் பகுதிக்கு (சர்க்கிள்) வட்டம் என்று பெயர். மாமல்லபுரமும் காஞ்சிபுரமும் சென்னை வட்டம். 2020இல் திருச்சிராப்பள்ளி தனி வட்டமானது. தஞ்சாவூர், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம் எல்லாம் அதில். பழைய பட்டியலைப் பார்த்துச் சென்னைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் மாதங்கள்தான் போகும். மாநில அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தனியாக இருக்கிறது. அவற்றுக்கு மாநிலத் தொல்லியல் துறையிடம்தான் போக வேண்டும்.

எந்தத் தரத்து கைடு

கைடுகளை மூன்று அடுக்காகச் சொல்வது தொழிலில் வழக்கம். மேலே மண்டல அளவிலான கைடு. இவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அட்டை வழங்கியது மத்திய சுற்றுலா அமைச்சகம். தென் மண்டல அட்டை இருந்தால் தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி என்று குழுவோடு கூடவே போகலாம். பட்டப்படிப்பு கேட்டார்கள், வெளிநாட்டு மொழி தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். அடுத்தது மாநில அளவு. கடைசியில் ஒரு ஊருக்கோ ஒரு சின்னத்துக்கோ மட்டுமான உள்ளூர் கைடு.

2020இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் ஆன்லைன் வழியில் ஒரு சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. ‘இன்கிரெடிபிள் இந்தியா டூரிஸ்ட் ஃபெசிலிடேட்டர்’ என்று பெயர். அடிப்படைப் பாடம், பாரம்பரியத்துக்கும் சாகசத்துக்கும் தனித்தனி மேல்நிலைப் பாடம், பேச்சுமொழிப் பாடம், பழைய கைடுகளுக்குப் புத்தாக்கப் பாடம் என்று பிரித்திருந்தார்கள். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் இதை நடத்துகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம் என்பது பெரிய வசதி. மொபைலிலேயே படித்து முடித்துவிட்டுக் களத்தில் ஒரு தூணைக்கூட நின்று பார்க்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களை முதல் அரை மணி நேரத்திலேயே பயணிகள் கண்டுகொள்வார்கள்.

வயது, படிப்பு, கட்டணம், கடைசித் தேதி எல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய போஸ்டரை நம்பாமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். நேரில் கேட்க வேண்டுமானால் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. மாநிலத் திட்டங்களுக்கு உங்கள் மாவட்டத்து சுற்றுலா அலுவலரைப் பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை. “இரண்டு நாள் வகுப்பு, அரசு அங்கீகாரம் பெற்ற கைடு லைசென்ஸ் நிச்சயம்” என்று தனியார் விளம்பரம் வந்தால், எந்த அரசாணையின் கீழ், எந்தத் துறையின் கையெழுத்தோடு என்று கேளுங்கள். பதில் வராது. பாடம் நல்லதாகக்கூட இருக்கலாம். ஆனால் பயிற்சிச் சான்றிதழ் வேறு, நினைவுச்சின்னத்துக்குள் காசு வாங்கிச் சுற்றிக் காட்டும் அனுமதி வேறு. அமைச்சகத்தின் சான்றிதழ் வைத்திருப்பவரும்கூட, தான் நிற்கப்போகும் சின்னத்தின் வட்ட அலுவலகத்தில் “இந்தச் சான்றின் பேரில் வேலை செய்யலாமா, தனியாக உரிமம் வேண்டுமா” என்று எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. வாய்மொழிப் பதில் அதிகாரி மாற்றலானதோடு போய்விடும்.

காகிதங்கள்: இனிஷியல்தான் முதல் எதிரி

பள்ளிச் சான்றிதழ், பட்டம் இருந்தால் பட்டம், வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஆதார், பான், புகைப்படம், போலீஸ் சரிபார்ப்பு, மொழித் தகுதி காட்டுவதானால் அதற்கான சான்று. பட்டியல் இவ்வளவுதான். தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்கள் இடறுவது பட்டியலில் இல்லை, பெயரில்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘முருகேசன் ச’ என்று இருக்கும். ஆதாரில் ‘ச. முருகேசன்’. பான் அட்டையில் இனிஷியலை விரித்து ‘சண்முகம் முருகேசன்’ என்று அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் போயிருக்கும். நமக்கு நான்கும் ஒரே ஆள். டில்லியிலோ குவாலியரிலோ உட்கார்ந்து பார்க்கும் ஊழியருக்கு நான்கு ஆள். மத்திய அரசின் ஆன்லைன் படிவங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று தனித்தனிக் கட்டம் கேட்கும். கடைசிப்பெயரில் ஒற்றை எழுத்தைப் போட்டால் சில படிவங்கள் ஏற்காது.

ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஆதார் திருத்தம் முதலில், அதைக் காட்டிப் பான் திருத்தம் அடுத்து. வரிசை மாறினால் இரட்டை வேலை. பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டிவரும். அதற்கு நாள் பிடிக்கும், அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

போலீஸ் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். தற்போது குடியிருக்கும் முகவரியைக் கொடுங்கள். ஆதாரில் சொந்த ஊர், இருப்பதோ தாம்பரத்தில் வாடகை வீடு என்றால், விசாரிக்கப் போகும் காவலர் ஊரில் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார். சரிபார்ப்பை மிக முன்னதாகவும் வாங்கி வைக்காதீர்கள். பழைய தேதியிட்டதைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை.

மொழிச் சான்று பற்றி: பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளில் தேர்வு எழுதிப் பெற்ற சான்று இருந்தால் இணையுங்கள். “எட்டு வருடமாகப் பேசுகிறேன்” என்பது நேர்முகத்தில் உதவும், காகிதத்தில் உதவாது. ஆங்கிலம் தெரிந்த கைடுகள் ஏராளம். இன்னொரு ஐரோப்பிய அல்லது ஆசிய மொழி தெரிந்தவருக்குத்தான் ஏஜென்சிகள் தொடர்ந்து போன் செய்யும். இரண்டு வருடம் ஒதுக்க முடியுமானால், உரிமத்துக்கு முன்னால் மொழியைப் படிப்பதுதான் சரியான முதலீடு.

தேர்விலும் களத்திலும் கேட்கப்படுவது

எழுத்துத் தேர்வோ நேர்முகமோ, மன்னர் பட்டியலை ஒப்பிப்பவரைவிட வேறுபாடு தெரிந்தவரையே தேர்வாளர் தேடுகிறார். மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறையின் உள்ளே குடைந்து சென்றது குடைவரை. மகிஷாசுரமர்த்தினி மண்டபம் அப்படி. ஒரு பாறையை மேலிருந்து கீழாக வெளியே செதுக்கி எடுத்தது ஒற்றைக்கல் கோயில். ஐந்து ரதங்கள் அப்படி. கல்லை வெட்டி எடுத்து அடுக்கிக் கட்டியது கட்டுமானக் கோயில். கடற்கரைக் கோயில் அப்படி. இந்த மூன்றையும் மூன்று நிமிடத்தில், கை காட்டி, புரியும்படி சொல்ல முடிந்தால் பாதி தேறிவிட்டீர்கள். ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பின்னால் வந்தது, கட்டியவர்கள் வைத்ததல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரிய புடைப்புச் சிற்பம் அர்ச்சுனன் தபசா, பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதையா என்று கேட்டால் இரு கருத்தையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் சிற்பத்தில் எதைக் காட்டுகிறார்கள் என்று சுட்டுங்கள். “அர்ச்சுனன் தபசுதான்” என்று அடித்துச் சொல்பவருக்கு மதிப்பெண் குறையும்.

தஞ்சையில் விழுவது வேறு குழி. கோபுர நிழல் தரையில் விழாது என்ற கதையை இன்றும் சொல்கிறார்கள். நிழல் விழுகிறது, சாயங்காலம் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். உச்சியிலிருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதையும் உறுதியாகச் சொல்ல இடமில்லை. இந்தக் கதைகளை விட்டால் சொல்ல ஒன்றும் இருக்காதே என்ற பயமும் வேண்டாம். ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்த செய்தி அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது. அது 1010ஆம் ஆண்டு. நாள்கணக்கு வரை எழுதி வைத்த கல்லின் முன் நின்றுகொண்டு நிழல் கதை எதற்கு?

உலகப் பாரம்பரியப் பட்டியல் ஆண்டுகளைக் கேட்பார்கள். மாமல்லபுரம் 1984. தஞ்சைப் பெரிய கோயில் 1987. கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தது 2004இல்தான். மூன்றுக்கும் 1987 என்று சொல்வது வழக்கமான தவறு. 2025இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு பட்டியலில் ஏறியபோது செஞ்சியும் அதில் ஒன்று.

முதலுதவிச் சான்றிதழ் ஒன்றும் வாங்கி வையுங்கள். மே மாதத்தில் செஞ்சி மலையில் ஏறுகிறவர் மயங்கி விழுந்தால் வரலாறு உதவாது.

வட்ட அலுவலகத்துக்கு விண்ணப்பம்

அறிவிப்பு வந்தால் அதில் சொன்ன படிவம். இல்லாவிட்டால் கண்காணிப்புத் தொல்லியலாளருக்குக் கடிதம். கடிதத்தில் எந்தச் சின்னங்களில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். “தமிழ்நாடு முழுவதும்” என்று எழுதினால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. மொழிகளையும், பெற்ற பயிற்சியையும் ஒரே பக்கத்தில் முடியுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

உரிமம் கையில் வந்ததும் நிபந்தனைகளை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். சின்னத்தின் பெயர், செல்லுபடியாகும் தேதி, அட்டையை வெளியில் தெரியும்படி அணிவது, வேறொருவருக்குக் கொடுக்கக்கூடாதது போன்றவற்றைக் கவனியுங்கள். தம்பிக்கு ஒருநாள் அட்டையைக் கொடுத்து அனுப்பி உரிமத்தை இழக்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது, வருகிறது.

வாசலில் முதல் நாள்

டிக்கெட் விலையில் தடுமாறும் கைடை யாரும் நம்ப மாட்டார்கள். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய்; ஆன்லைனில் எடுத்தால் முறையே 5 ரூபாயும் 50 ரூபாயும் குறைவு. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். முதல் இடத்தில் டிக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது இடத்தில் திரும்ப வாங்கும் குழுக்கள் தினமும் உண்டு. இறங்கும்போதே “டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள்” என்று சொல்லுங்கள்.

யார் இந்தியர் விலையில் போகலாம் என்பதில்தான் வாக்குவாதம் வரும். சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவை ஒட்டிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு இந்தியர் விலை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் இலங்கைப் பாஸ்போர்ட்காரர் 40 ரூபாயில் போகலாம். அவருடைய அண்ணன் கனடாப் பாஸ்போர்ட்டில் வந்தால் 600. கோலாலம்பூர், சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் 600தான், தமிழ் பேசுவதால் மாறாது. இவர்களிலும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணம்; ஆனால் அட்டையைக் காட்ட வேண்டும். இதை முந்தைய நாள் இரவே ஹோட்டலில் சொல்லி, பாஸ்போர்ட்டையோ அட்டையையோ எடுத்துவரச் சொல்லிவிட்டால் கவுண்டரில் சண்டை இல்லை.

பயணி சிற்பத்தின் மேல் ஏறிப் படம் எடுத்தால் “ஏறாதீர்கள்” என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். சின்னத்தைச் சேதப்படுத்துவதற்குச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. டிரோன், ஸ்டாண்டு வைத்த கேமரா, கல்யாண போட்டோஷூட் எல்லாம் தனி அனுமதி விவகாரம். கைடு அட்டையைக் காட்டி அவற்றை உள்ளே கொண்டுபோக முடியாது.

கோயில்களில் வேறு ஒழுங்கு. உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னபடி கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை. மதுரையில் அதற்கு முன்பிருந்தே உண்டு. போனைக் கொடுத்துத் திரும்ப வாங்கவே விசேஷ நாட்களில் நேரம் பிடிக்கும், அதை நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். பல கோயில்களில் இந்து அல்லாதவர் கொடிமரத்தோடு நிற்க வேண்டும். இதை வாசலுக்கு வெளியே, செருப்புக் கழற்றும் இடத்திலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே போய் அர்ச்சகர் தடுத்த பிறகு சொன்னால் அவமானம் அவர்களுக்கு, கோபம் உங்கள் மேல்.

காடு, மலை

இது முற்றிலும் வேறு உலகம். சரணாலயத்துக்குள் நுழையவே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களைத் திறந்தது. அவற்றில் அந்தந்த மலையோர ஊர்ப் பிள்ளைகளும் பழங்குடி இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் குழுவை அழைத்துக்கொண்டு தானே காட்டுக்குள் போகலாம் என்று நினைக்கவே வேண்டாம். தொல்லியல் துறையின் அட்டைக்கு ரேஞ்சரிடம் மதிப்பில்லை. காட்டு வழி உங்கள் விருப்பமானால் வனத்துறையிலிருந்தே தொடங்குங்கள்.

காரும் காசும்

வருமானம் கூட்ட, சொந்தக் காரிலேயே பயணியை ஏற்றிக்கொண்டு கைடு வேலையும் பார்க்கலாம் என்று பலர் நினைப்பார்கள். வெள்ளை போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் அதற்கு 10,000 ரூபாய் அபராதமும், முதல் தடவையிலேயே 6 மாதம் வரை சிறையும் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். மஞ்சள் போர்டு வண்டி, அதற்கொரு டிரைவர், நீங்கள் கைடு. கணக்கு அதுதான். பயணியை வீட்டில் தங்கவைக்கிற எண்ணமிருந்தால், வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு இணையத்தில் தெரிவித்தாக வேண்டும்.

கட்டணத்தை எழுத்தில் பேசுங்கள். அரைநாள் என்றால் 4 மணி நேரம், முழுநாள் என்றால் 8 மணி நேரம் என்பதே தொழிலில் புழங்கும் கணக்கு. நேரம் ஹோட்டலில் தொடங்குகிறதா, சின்னத்தின் வாசலில் தொடங்குகிறதா என்பதைக் கேட்காமல் ஒப்புக்கொண்டால் ஈ.சி.ஆர். டிராபிக்கில் போகும் இரண்டு மணி நேரம் உங்கள் கணக்கில் எழுதப்படும். மொழிக்கான கூடுதல் தொகை, வெளியூரில் தங்கலும் சாப்பாடும், முந்தைய நாள் இரவு ரத்து செய்தால் எவ்வளவு என்று நான்கு வரி வாட்ஸ்அப் செய்தி போதும். ஏஜென்சி வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், அது உங்கள் பானில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

கடை கமிஷன் பற்றி எல்லோரும் கிசுகிசுப்பார்கள். பயணி கேட்காமல் எம்போரியத்துக்கு வண்டியைத் திருப்புகிற கைடைப் பற்றித்தான் ஏஜென்சிக்கும் அமைச்சகத்துக்கும் புகார் போகிறது. ஒரு நாள் கமிஷனுக்கு உரிமத்தையே பணயம் வைப்பது மோசமான வியாபாரம்.

எல்லை தாண்டினால்

தமிழ்நாட்டிலிருந்து குழுவை இலங்கைக்கோ சிங்கப்பூருக்கோ கூட்டிப்போகும்போது நீங்கள் குழுத் தலைவர், கைடு அல்ல. இரு நாட்டிலும் வழிகாட்டுவதற்கு அந்த நாட்டுச் சுற்றுலாத் துறையின் உரிமம் வேண்டும். டிக்கெட், அறை, சாப்பாடு நீங்கள் பார்க்கலாம். சின்னத்தின் முன் நின்று விளக்குவது உள்ளூர் கைடின் வேலை. இங்கேயும் அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து டூரிஸ்ட் விசாவில் கூடவே வரும் தலைவர் காசுக்கு வழிகாட்டக்கூடாது. அவர் மைக்கைப் பிடுங்கினால் சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் பதில் சொல்லப்போவது உங்கள் அட்டை.

புதுப்பித்தல், தொலைந்துபோதல்

உரிமம் முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பாகவே போனில் நினைவூட்டல் வையுங்கள். சீசன் டிசம்பர், ஜனவரியில் உச்சத்தில் இருக்கும். அப்போது முடிகிற உரிமத்தை அக்டோபரிலேயே புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மாதத்தில் வீட்டில் உட்கார வேண்டும். புதுப்பிக்கும்போது பழைய அட்டை, புதிய போலீஸ் சரிபார்ப்பு, இடையில் செய்த புத்தாக்கப் பயிற்சியின் சான்று கேட்கலாம், அதனால் வேலை செய்த நாட்களின் ஏஜென்சி கடிதங்களையும் ஒரு ஃபைலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

அட்டை தொலைந்தால் அன்றே தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணப் புகாரைப் பதிவு செய்து, அதன் பிரதியோடு அட்டை கொடுத்த அலுவலகத்துக்கு எழுதுங்கள். புது அட்டை வரும்வரை அந்த மனுவின் முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். அதைக் காட்டி வேலை செய்யலாமா என்பதையும் அதே கடிதத்தின் கடைசி வரியில் கேட்டுவிடுங்கள்.